லண்டன் குழாய்த் தண்ணீரில் பீர்: சேர்ப்பதற்கு முன் எடுக்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கிழக்கு லண்டனில் இருக்கிறீர்கள். வீட்டில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, அரைத்து பீர் தயாரிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. கறுப்பு பீர் நன்றாக வருகிறது. வெளிர் நிற பீர் மட்டும் இரண்டு முறையும் கெட்டுவிட்டது: மூக்கில் மருந்து வாடை, விழுங்கிய பிறகு நாக்கில் நிற்கும் கரகரப்பான கசப்பு. தண்ணீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் போதுமா, கொதிக்க வைக்க வேண்டுமா, பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டுமா, அல்லது ஜிப்சம் (கால்சியம் சல்பேட் உப்பு) போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். பார்வைக்கு நான்கு கேள்விகள். உள்ளே இருப்பவை இரண்டுதான். மருந்து வாடை ஒரு நோய், அந்தக் கசப்பு வேறொரு நோய். இரண்டும் ஒரே குழாய் வழியாக வருவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. இரண்டுக்கும் ஜிப்சம் மருந்து அல்ல.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக வீட்டில் பீர் தயாரிக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்கு பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் அங்கே இதற்குச் சட்டம் இடம் தரவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மருந்து வாடை. தொண்டைப் புண்ணுக்குக் கொப்பளிக்கும் கிருமிநாசினியின் வாடையா, புதிதாகப் பிரித்த பிளாஸ்திரியின் வாடையா? இரண்டில் ஒன்று என்றால் அது பெரும்பாலும் குளோரோபீனால். குழாய்த் தண்ணீரில் கிருமி வளராமலிருக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். குடிப்பதற்கு அதனால் கேடு இல்லை. ஆனால் மால்ட்டின் உமியிலும், பீருக்குக் கசப்பு தரும் பூவான ஹாப்ஸிலும் பீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. குளோரின் அவற்றோடு சேர்ந்ததும் உருவாகும் பொருளை நம் மூக்கு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே பிடித்துவிடும். உருவான பிறகு அதை நீக்க வழியில்லை. கொதித்தாலும் போகாது, மாதக்கணக்கில் வைத்தாலும் போகாது. என்னுடைய இரண்டாவது தயாரிப்பு 23 லிட்டர். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று நம்பி மூன்று மாதம் வைத்திருந்து, கடைசியில் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். வீடு முழுக்க மருத்துவமனை வாடை அடித்தது. குளோரினை முன்பே எடுத்துவிடுவது ஒன்றே வழி என்று அன்றைக்குப் புரிந்தது.

இரவு முழுவதும் திறந்து வைப்பது பற்றி. அகலமான பாத்திரத்தில் வைத்தால் சாதாரணக் குளோரின் பெரும்பகுதி பறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் லண்டன் போன்ற பெருநகரங்களில் குளோரினோடு சிறிது அமோனியாவையும் சேர்த்துக் குளோரமின் ஆக்கி அனுப்புவது வழக்கம். நீண்ட குழாய்ப் பாதையிலும் ஆற்றல் குன்றாமல் நிற்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். குழாயில் நிற்பதற்காகச் செய்தது உங்கள் பாத்திரத்திலும் நிற்கத்தான் செய்யும். ஓர் இரவில் அது போகாது. ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் ஒரு பங்கு மிஞ்சும். நீச்சல்குளச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் பரிசோதனைத் தாளில் மொத்தக் குளோரின், தனிக் குளோரின் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். மொத்தம் கூடுதலாகவும் தனி குறைவாகவும் காட்டினால், அந்த வித்தியாசம்தான் குளோரமின்.

இதற்குத் தீர்வு மிக மலிவானது. பீர், ஒயின் சாமான் கடைகளில் விற்கும் கேம்ப்டன் மாத்திரை. உள்ளே இருப்பது சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், மாத்திரைக்குச் சுமார் அரை கிராம். 25 முதல் 30 லிட்டர் தண்ணீருக்கு அரை மாத்திரை தாராளம். கரண்டியின் முதுகால் நசுக்கித் தூளாக்கி, அரைக் குவளை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். குளோரினும் குளோரமினும் இரண்டுமே குளோரைடாக மாறிவிடும். மிஞ்சும் சல்பேட்டும் துளி அமோனியமும் பீருக்குத் தீங்கு செய்யாதவை. ஒரே நிபந்தனை: பீரில் சேரும் எல்லாத் தண்ணீருக்கும் இதைச் செய்ய வேண்டும். மால்ட் ஊறும் தண்ணீருக்குப் போட்டுவிட்டு, சக்கையைக் கழுவும் சுடுநீரையும் கடைசியில் அளவு நிரப்பும் தண்ணீரையும் மறந்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சல்பைட் ஒவ்வாத ஆஸ்துமா நோயாளிகள் வீட்டில் இருந்தால், வைட்டமின் சி தூளும் இதே வேலையைச் செய்யும். கரி வடிகட்டியும் உதவும். ஆனால் குளோரமினைப் பிடிக்க அதில் தண்ணீர் மிக மெதுவாகப் போக வேண்டும், அந்தப் பொறுமை நம்மில் பலருக்கு இல்லை.

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் உங்கள் பீரை நான் முகர்ந்து பார்க்கவில்லை. பாத்திரம் கழுவப் பயன்படுத்திய ப்ளீச் சரியாக அலசப்படாமல் தங்கியிருந்தாலும் இதே வாடை வரும். காட்டு ஈஸ்ட் புகுந்தாலும் கிராம்பும் பிளாஸ்திரியும் கலந்தாற்போல ஒரு வாடை வரும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. குளோரோபீனால் முதல் நாளிலிருந்தே இருக்கும், அளவு மாறாது. காட்டு ஈஸ்ட் என்றால் வாரங்கள் செல்லச் செல்ல வாடை கூடும், பீர் நீர்த்துப்போகும், பாட்டிலைத் திறந்தால் நுரை பொங்கி வழியும். அப்படியென்றால் கோளாறு தண்ணீரில் இல்லை, சுத்தத்தில் இருக்கிறது.

இனி அந்தக் கசப்பு. நீங்கள் கசப்பு என்று எழுதியிருந்தாலும், விழுங்கிய பின் கன்னத்தின் உட்புறம் வறண்டு இழுக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கொட்டைப்பாக்கை வெறுமனே மென்றால் எப்படி இருக்குமோ அப்படியா? அப்படியானால் அதன் பெயர் கசப்பு இல்லை, துவர்ப்பு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் நம் மொழியிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். கசப்பு ஹாப்ஸிலிருந்து வருவது, நாம் வேண்டியது. துவர்ப்பு மால்ட்டின் உமியிலிருந்து வருகிறது. மாஷில், அதாவது அரைத்த மால்ட் வெந்நீரில் ஊறும் கலவையில், பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.2 முதல் 5.6 வரை இருந்தால் உமியின் துவர்ப்பு பெரும்பாலும் உமியிலேயே தங்கும். 5.8ஐத் தாண்டினால், குறிப்பாகச் சக்கையைக் கழுவும் கடைசிக் கட்டத்தில், அது இறங்கத் தொடங்கும். ஹாப்ஸின் கசப்பும் அந்த நிலையில் முரட்டுத்தனமாகிவிடும்.

பி.எச். ஏன் ஏறுகிறது? உங்கள் கெட்டிலுக்குள் பாருங்கள். அடியில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் படிவு இருக்கும். அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் சுரசுரவென்று நுரைக்கும். அது கால்சியம் கார்பனேட். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து வரும் தண்ணீர். வழியில் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. எல்லாரும் இதைக் கடின நீர் என்று சொல்லிக் கால்சியத்தைக் குற்றம் சொல்கிறார்கள். பீரைப் பொறுத்தவரை கால்சியம் நண்பன். மால்ட்டிலுள்ள பாஸ்பேட்டோடு வினைபுரிந்து பி.எச். அளவைக் கீழே இழுப்பது அதுதான். எதிரி அதோடு கூட வரும் பைகார்பனேட். அது அமிலத்தை விழுங்கி பி.எச். இறங்காமல் தடுக்கிறது. இந்தத் தடுக்கும் ஆற்றலுக்குக் காரத்தன்மை என்று பெயர். கடினத்தன்மை வேறு, காரத்தன்மை வேறு. வெளிர் நிற பீர் தயாரிப்பவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

இந்த இழுபறியைக் கணக்காக்கித் தந்தவர் ஜெர்மானியரான கோல்பாக், ஆண்டு 1953. மிஞ்சும் காரத்தன்மை என்பது, மொத்தக் காரத்தன்மையிலிருந்து கால்சியத்தை 1.4ஆல் வகுத்ததையும் மக்னீசியத்தை 1.7ஆல் வகுத்ததையும் கழித்தால் வருவது. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம், காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில். லண்டனில் வழக்கமாகக் காணக்கூடிய ஒரு தண்ணீரை எடுத்துக்கொள்வோம்: காரத்தன்மை 240, கால்சியம் 112, மக்னீசியம் 5. கழித்தால் சுமார் 157 மிஞ்சுகிறது. வெளிர் மால்ட் மட்டும் போட்ட மாஷுக்கு இது மிக அதிகம். பூஜ்யத்துக்கு அருகிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். கறுப்பு பீர் உங்களுக்கு நன்றாக வந்ததற்குக் காரணமும் இதுதான். வறுத்த மால்ட்டில் இயல்பாகவே அமிலம் உண்டு. அது இந்தக் காரத்தன்மையை ஈடுகட்டிவிடுகிறது. போர்ட்டர் என்ற கறுப்பு பீர் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் பிறந்து வளர்ந்ததில் இந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. 1842இல் பொன்னிற பில்ஸ்னர் பிறந்த பில்சன் நகரிலோ தண்ணீர் கிட்டத்தட்ட மழைநீர் போல மென்மையானது.

இந்த இடத்தில் உங்கள் பகுதியின் பழங்கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறிய வெளிர் பீர், பின்னால் இந்தியா பேல் ஏல் என்று பெயர் பெற்றது, முதலில் புகழடைந்தது கிழக்கு லண்டனின் ‘போ’ என்ற பகுதியில் ஹாட்ஜ்சன் குடும்பம் நடத்திய ஆலையிலிருந்துதான். 1820களில் மத்திய இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆலைகள் போட்டிக்கு வந்து அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்காரர்களோடு ஹாட்ஜ்சன்கள் பகைத்துக்கொண்டது ஒரு காரணம். இன்னொன்று தண்ணீர். பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம் நிறைய இருந்தது. அதனால் பீர் தெளிந்து, கசப்பு கூராக நின்றது. பேல் ஏலுக்கு ஜிப்சம் போடும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். அதைக் கேட்டுவிட்டு லண்டன் தண்ணீரில் ஒரு கரண்டி ஜிப்சத்தைக் கொட்டினால் பர்ட்டன் ஆகிவிடாது. பைகார்பனேட் உள்ளேயே இருக்கும். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகுதான் சேர்க்க வேண்டியதைச் சேர்க்க வேண்டும்.

எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். தண்ணீர் நிறுவனம் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அறிக்கை தரும். அதில் கடினத்தன்மை இருக்கும், காரத்தன்மை பல நேரம் இருக்காது. பைகார்பனேட் தந்திருந்தால் 0.82ஆல் பெருக்குங்கள். அதைவிட நல்லது மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், காரத்தன்மையை அளக்கும் கே.எச். பரிசோதனைப் பெட்டி. சிறு குப்பியில் தண்ணீரை எடுத்து, நிறங்காட்டி விட்டு, ஒவ்வொரு துளியாக அமிலம் சேர்த்து ஆட்டுங்கள். நீலமோ பச்சையோ கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஏதோ ஒரு துளியில் சட்டென்று நிறம் மாறும். அந்தத் துளிவரை எண்ண வேண்டும். வழக்கமான பெட்டியில் ஒரு துளி என்பது ஒரு கே.எச்., ஒரு கே.எச். என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் காரத்தன்மை. தயாரிப்பு நாளன்று காலையிலேயே அளந்துவிடுங்கள். ஒரே குழாயில் பருவத்துக்குப் பருவம் எண் மாறுவதைக் கூடத்திலும் வீட்டிலும் நான் பார்த்திருக்கிறேன்.

எடுக்க மூன்று வழிகள். முதலாவது கொதிக்க வைப்பது. தண்ணீரை அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால், கெட்டிலில் படிவது போலவே அடியில் சுண்ணாம்பு படியும்; கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். காரத்தன்மை 50க்கு அருகில் இறங்கும். ஆனால் கூடவே கால்சியமும் போய்விடும். நம் உதாரணத்தில் 112 இருந்தது 36 அளவுக்கு வந்துவிடும். அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். எரிவாயுச் செலவும் நேரமும் சேர்ந்து பார்த்தால் எனக்கு இது கட்டுப்படியாகவில்லை.

இரண்டாவது அமிலம், நான் செய்வது இதுதான். 25 லிட்டரில் 240ஐ 40க்குக் கொண்டுவர, 80 சதவீத லாக்டிக் அமிலம் சுமார் 10 மில்லி வேண்டும். இங்கே ஒரு சிக்கல். அவ்வளவும் பீரில் லிட்டருக்கு 380 மில்லிகிராம் லாக்டேட்டாக நிற்கும். 400ஐ நெருங்கும்போது தயிர்ப் புளிப்பு போல ஒரு சாயல் சிலர் நாக்கில் தெரியும். ஆகவே இவ்வளவு காரத்தன்மையுள்ள தண்ணீருக்கு லாக்டிக் மட்டும் போதாது. பாஸ்பாரிக் அமிலம் சுவையில் கிட்டத்தட்டத் தெரியாது. பிரிட்டனில் ஹைட்ரோகுளோரிக், சல்பியூரிக் அமிலங்களைக் கலந்து நீர்க்கச் செய்த சி.ஆர்.எஸ். என்ற கரைசலும் கிடைக்கிறது. லிட்டருக்கு 1 மில்லி விட்டால் காரத்தன்மை சுமார் 180 குறையும், கூடவே குளோரைடும் சல்பேட்டும் சேரும். அதனால் ஜிப்சத்தின் தேவையும் குறைந்துவிடுகிறது. எந்த அமிலமானாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விடக் கூடாது. ஊற்றிக் கிளறியதும் சோடாவில் வருவது போலப் பொடிக் குமிழிகள் பாத்திரத்தின் ஓரமெல்லாம் ஒட்டி மேலே வரும். பைகார்பனேட் கரியமில வாயுவாகப் போகிறது. குமிழி அடங்கியதும் மீண்டும் கே.எச். அளந்து பாருங்கள், பாட்டிலில் எழுதிய வீரியத்தை நம்புவதைவிட அது நல்லது.

மூன்றாவது கலப்பது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் காரத்தன்மை 120 ஆகும், கால்சியம் 56 ஆகும். பிறகு சிறிது லாக்டிக் போதும், சுவையில் தெரியாது. இது சுலபமான வழி. பாட்டில் தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள்: சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். சில பாட்டில்களில் உங்கள் குழாயில் இருக்கும் அளவுக்குப் பைகார்பனேட் இருக்கிறது. வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் உப்புக் கருவி இருந்தால் அந்தத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம். அது நண்பனான கால்சியத்தை வெளியேற்றிச் சோடியத்தை வைக்கிறது, எதிரியை அப்படியே விட்டுவிடுகிறது.

இப்போது உப்புகள். 10 லிட்டரில் 1 கிராம் ஜிப்சம் கரைந்தால் லிட்டருக்குக் கால்சியம் 23, சல்பேட் 56 மில்லிகிராம் கூடும். அதே அளவு கால்சியம் குளோரைடு கால்சியம் 27, குளோரைடு 48 தரும். கால்சியம் 50க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் போதும். இந்தக் கணக்கில் ஐயம் இல்லை. இவை சுவையை எப்படி மாற்றும் என்பதில் என் உறுதி குறைகிறது. சல்பேட் கசப்பை உலர்வாகவும் கூராகவும் காட்டும், குளோரைடு மால்ட்டின் உருண்டையான சுவையைத் தூக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சல்பேட் 100க்கும் 250க்கும் உள்ள வேறுபாடு என் நாக்கிலும் தெரிகிறது. ஆனால் இரண்டின் விகிதம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. 20க்கு 10 என்பதும் 200க்கு 100 என்பதும் ஒரே விகிதம். ஒரே பீர் அல்ல. இணையத்தில் கிடைக்கும் ‘பர்ட்டன் தண்ணீர்’ பட்டியலை அப்படியே பின்பற்றவும் வேண்டாம். அந்த நகரத்து ஆலைகளும் தங்கள் தண்ணீரை அப்படியே பயன்படுத்தியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கிணற்றுக்குக் கிணறு எண் வேறு.

மால்ட் அரைக்காமல் மால்ட் பாகு வாங்கித் தயாரிப்பவர்களுக்கு இதில் முக்கால்வாசி தேவையில்லை. மாஷ் ஆலையிலேயே முடிந்துவிட்டது, தாதுக்களும் பாகிலேயே வருகின்றன. கேம்ப்டன் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பி.எச். மானி வாங்குவதானால், ஒவ்வொரு முறையும் 4.01, 7.00 கரைசல்களில் சரிபார்த்த பிறகே நம்புங்கள். மாஷிலிருந்து எடுத்த மாதிரியை அறை வெப்பநிலைக்கு ஆறவைத்து அளக்க வேண்டும். சூட்டில் அளந்தால் எண் சுமார் 0.3 குறைவாகக் காட்டும், மானியின் முனையும் சீக்கிரம் பழுதாகும்.

அடுத்து முழுத் தயாரிப்பில் இறங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பிளாஸ்க் எடுத்து, ஒவ்வொன்றிலும் 100 கிராம் அரைத்த வெளிர் மால்ட் போடுங்கள். ஒன்றில் 300 மில்லி வெறும் குழாய்த் தண்ணீர், மற்றதில் மாத்திரையும் அமிலமும் போட்டுச் சரிசெய்த 300 மில்லி. இரண்டும் 70 டிகிரி சூட்டில். மூடி வைத்து அரை மணி கழித்து வடித்து ஆறவையுங்கள். பி.எச். அளந்து எழுதிக்கொண்டு, பிறகு அடுத்தடுத்துச் சுவையுங்கள். முதல் கோப்பை கன்னத்தை இழுத்து, இரண்டாவது இழுக்காமல் இனித்தால் காரத்தன்மைதான் காரணம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால், சக்கையை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் கழுவுகிறீர்கள் என்பதையும் உங்கள் கே.எச். எண்ணையும் எழுதுங்கள். அங்கிருந்து மேலே பார்ப்போம்.